மறுநாள் யாருக்குக் கதவு திறக்கும்? குழந்தைகளுக்கான கோடிங் திருவிழாக்கள் பற்றி ஒரு விமர்சனம்

1

'அனைவரும் வருக' என்ற வாசகத்தை நாம் வேறு மாதிரிதான் வாசிக்கிறோம். வாசித்தாக வேண்டியிருக்கிறது. பொதுப்பணத்தில் கட்டப்பட்ட குளம், கிணறு, பள்ளிக்கூடம், சத்திரம் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் உண்டு என்று 1923-இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924-இல் மகாத் நகராட்சி, சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக இன்னொரு தீர்மானம் போட்டது. தீர்மானம் இருந்தது, குளம் இருந்தது, தாகமும் இருந்தது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போய் ஒரு கை அள்ளிக் குடிக்கும் வரை அந்தத் தண்ணி நமக்கில்லை. குடித்த பிறகு அடி விழுந்தது. பானை பானையாகப் பசு மூத்திரமும் சாணமும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' பண்ணினார்கள். நகராட்சி அந்த வருஷமே தன் தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நீதிமன்றத்தில் இறுதியாக வெற்றி கிடைக்க 1937 ஆயிற்று. திறந்திருக்கிறது என்று எழுதி வைப்பதற்கும் உள்ளே போக முடிவதற்கும் நடுவே இருக்கிற தூரத்துக்கு நம்ம ஊர்ப் பெயர் சாதி.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உலகின் பல நாடுகளில் ஒரு புதுத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. குழந்தைகளுக்கான கோடிங் விழா. ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் கூடுகிறார்கள். தாங்களே செய்த விளையாட்டு, இணையதளம், ரோபோ என்று மேசைமேல் வைத்துக் காட்டுகிறார்கள். பல இடங்களில் கட்டணம் கிடையாது. இங்கும் அதே வாசகம்தான்: அனைவரும் வருக.

கோடிங் என்பது வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டர் இன்னின்ன செய்ய வேண்டும் என்று அதற்குப் புரிகிற விதத்தில் வரிசையாக ஏவல் எழுதுவது. ஏவல் செய்வதற்கென்றே பிறந்தவர்கள் என்று சாத்திரம் எழுதி வைத்த கூட்டத்தின் பிள்ளை, ஏவல் எழுதுகிற நாற்காலியில் உட்காருவது சின்ன விஷயமில்லை. ஆகவே 'இதெல்லாம் மேல்தட்டுப் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிட்டுப் போகிற சொகுசு நமக்குக் கிடையாது. இந்த விழாக்களையும் ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. கதைக்கு ஓர் ஆசிரியர் இருப்பது போல விழாவுக்கும் ஆசிரியர் உண்டு; அவர்தான் அமைப்பாளர். மேசை எங்கே, பிளக் பாயிண்ட் எத்தனை, நுழைவுச்சீட்டு எப்படிக் கிடைக்கும், கேள்வி கேட்பவர் யார், நாற்காலி தூக்குபவர் யார் என்று அவர் எடுக்கும் முடிவுகளே அந்தப் பிரதியின் வாக்கியங்கள். மேடையில் பேசப்படும் சமத்துவத்தை இந்த வாக்கியங்களில் வைத்துத்தான் சரிபார்க்க முடியும்.

2

2011 ஜூலையில் அயர்லாந்தின் கார்க் நகரில் கோடர்டோஜோ என்ற இயக்கம் பிறந்தது. ஜேம்ஸ் வெல்டன் என்ற இளைஞரும், பில் லியாவ் என்ற தொழில்முனைவோரும் தொடங்கினார்கள். 7 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரு கூடத்தில் கூடி, தொண்டர்களின் உதவியோடு கோடிங் பழகலாம். காசு வாங்குவதில்லை. பள்ளிக்கூட அதிகாரம் இல்லை. பரீட்சை இல்லை. 2012 முதல் இந்த இயக்கம் டப்ளினில் 'கூலஸ்ட் புராஜெக்ட்ஸ்' என்ற பெருவிழாவை நடத்தியது. பின்னாளில் அது ஆர்டிஎஸ் வளாகத்துக்குப் போனது. புகழ்பெற்ற குதிரைக் கண்காட்சி நடக்கிற அதே பெரிய அரங்கம். 2017-இல் கோடர்டோஜோ, பிரிட்டனின் ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையோடு இணைந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது விழா இணையத்துக்கு மாறியது.

இதைக் கேலி செய்வது நம் நோக்கமல்ல. தொண்டர்கள் தங்கள் சனிக்கிழமைகளைக் கொடுக்கிறார்கள். குழந்தைகளோடு வேலை செய்கிற ஒவ்வொரு தொண்டரையும் காவல்துறை மூலம் சரிபார்ப்பது 2016 முதல் அயர்லாந்தில் சட்டப்படி கட்டாயம். ஒரு பிள்ளையை அடிக்க மாட்டார்கள், அவமானப்படுத்த மாட்டார்கள். நம்ம பள்ளிக்கூடங்களை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு இதுவே பெரிய விஷயமாகப் படும். இந்தப் பிரதி நல்ல மனதோடு எழுதப்பட்டது. நல்ல மனதோடு எழுதப்பட்ட பிரதியைத்தான் கூர்ந்து வாசிக்க வேண்டும். கெட்ட மனதோடு எழுதியதை வாசிக்கக் கெட்டிக்காரத்தனம் தேவையில்லை.

இப்படிப்பட்ட விழாக்களின் அழைப்பில் வழக்கமாக என்ன இருக்கும்? இணையத்தில் பதிவு செய்யுங்கள். சிறு பிள்ளையாக இருந்தால் பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். உங்கள் லேப்டாப்பை நீங்களே கொண்டு வாருங்கள். மூன்று வரி. மூன்றும் நியாயமான வரிகள் போலத்தான் தெரியும்.

முதல் வரி, வீட்டில் இணையமும் அந்த அழைப்பு வந்து சேர்கிற உறவு வட்டமும் உள்ளவர்களை எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் வரி, சனிக்கிழமை வேலைக்குப் போகாத தாய் தகப்பனை எடுத்துக்கொள்கிறது. கடையில், ஆஸ்பத்திரியில், ஓட்டல் அறையில் துடைத்துப் பெருக்குகிறவர்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை நாளல்ல. மூன்றாம் வரி மிச்சத்தை முடித்துவிடுகிறது. அரங்கத்தின் கதவு திறப்பதற்கு முன்பே, ஒருவரும் யாரையும் போ என்று சொல்லாமலேயே, கூட்டம் பிரிக்கப்பட்டுவிடுகிறது.

அம்பேத்கர் பள்ளியில் உட்கார்ந்தது ஒரு கோணித் துண்டின் மேல். அதை அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்து சாயந்திரம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பள்ளியைப் பெருக்குகிற ஆள்கூட அந்தக் கோணியைத் தொட மாட்டார். அதையும் இதையும் ஒன்றாக்கிவிட முடியாது. கோணி தீண்டாமை, லேப்டாப் வசதி. ஆனாலும் ஒரு கேள்வி இரண்டுக்கும் பொது. கற்கிற இடத்தில் உட்கார்வதற்கு ஒரு பிள்ளை தன் வீட்டிலிருந்து எதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்? அந்தப் பொருள் வீட்டில் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு அங்கே என்ன பெயர்?

அயர்லாந்திலும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மக்கள் உண்டு. டிராவலர் எனப்படும் நாடோடி மரபு மக்களைத் தனி இனக்குழு என்று அந்த அரசு ஏற்றுக்கொண்டது 2017 மார்ச்சில்தான். அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் தனி விடுதிகளில் மாதக்கணக்காக, வருஷக்கணக்காகக் காத்துக் கிடக்கிற ஏற்பாடு அங்கே 2000-இல் தொடங்கியது. டப்ளின் அரங்கத்தைப் பார்க்கும் தலித் வாசகர் முதலில் தேடுவது இந்தப் பிள்ளைகளை. விழா முடிந்ததும் வருகிற செய்தியோ முதலில் மொத்த எண்ணிக்கையைச் சொல்லும். இத்தனை பிள்ளைகள், இத்தனை நாடுகள், இத்தனை திட்டங்கள். எண்ணிக்கை பெரிதாக ஆக, யார் வரவில்லை என்ற கேள்வி சிறிதாகிப் போகிறது.

3

உள்ளே வந்துவிட்ட பிள்ளைக்கு என்ன நடக்கிறது? மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நடுவர்கள் வருகிறார்கள். எப்படிச் செய்தாய், எங்கே சிக்கியது, அடுத்து என்ன செய்வாய் என்று அன்பாகக் கேட்கிறார்கள். கேள்வியில் குற்றமில்லை. ஆனால் முன்பின் தெரியாத பெரிய மனிதரிடம், நிமிர்ந்து, தன் வேலையைப் பற்றித் தன் வாயாலேயே பெருமையாகப் பேசுவது ஒரு பயிற்சி. அது சில வீடுகளில் சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கிறது. 'பெரியவங்க முன்னால வாயத் தெறக்காத' என்று அடித்து வளர்க்கப்பட்ட வீடுகளில் கிடைப்பதில்லை. பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற தாத்தாவின் பேரனிடம் 'உன் படைப்பைப் பற்றி மூன்று நிமிடம் பேசு' என்றால், அவன் மௌனத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள்?

இந்த இடத்தில் ஒரு புத்தகம் நமக்கு உதவுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆய்வாளராக இருந்த ஜேன் மார்கோலிஸ், தன் கூட்டாளிகளோடு 2008-இல் வெளியிட்ட 'ஸ்டக் இன் த ஷாலோ எண்ட்'. ஆழமில்லாத ஓரத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்பது என்று பொருள். அந்நகரின் மூன்று அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் வகுப்பில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்து எழுதியது. கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளும் நிறைந்த பள்ளிகளில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. இருந்தது. அதில் சொல்லிக்கொடுக்கப்பட்டது தட்டச்சும், வெட்டி ஒட்டுவதும். ஏவல் எழுதுகிற வகுப்பு, வசதியான வட்டாரத்துப் பள்ளியில் இருந்தது. அங்கேயும் அந்த வகுப்பில் பெரும்பாலும் வெள்ளைக்கார, ஆசிய வம்சாவளி ஆண்பிள்ளைகள். அவர்களுக்கு இது 'இயல்பாகவே வருகிறது' என்று ஆசிரியர்கள் நம்பினார்கள். இயல்பாக எதுவும் வரவில்லை. வீட்டில் கம்ப்யூட்டரும் கோடைகால முகாமும் அந்தத் துறையில் வேலை பார்க்கும் உறவினரும் முன்கூட்டியே கொடுத்தது அது என்று மார்கோலிஸ் காட்டுகிறார். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'முன்தயாரிப்புச் சலுகை' என்று சொல்லலாம். நம்ம ஊரில் இதற்குத் 'தகுதி, திறமை' என்று பெயர்.

புத்தகம் தொடங்குவது நீச்சலில். கறுப்பின மக்களில் நீந்தத் தெரிந்தவர்கள் ஏன் குறைவு? அவர்கள் உடம்பு மிதக்காது என்று ஒரு 'அறிவியல்' நெடுங்காலம் உலவியது. உண்மை என்னவென்றால் குளத்தில் இறங்க விடவில்லை. 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில், ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பினப் போராளிகள் இறங்கியபோது விடுதி மேலாளர் அந்தத் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். மகாதில் மூத்திரம், செயின்ட் அகஸ்டினில் அமிலம். இறங்க விடாமல் வைத்துவிட்டு, அடுத்த தலைமுறையிடம் 'உனக்கு நீந்த வராது' என்பதுதான் தகுதிக் கதையாடலின் சூட்சுமம். கோடிங் விழாவின் நடுவர் அந்தக் கதையாடலுக்கு அறியாமலே கையெழுத்துப் போடுகிறார். பத்து வயதில் அழகாகப் பேசி வெல்கிற பிள்ளையைப் பார்த்து 'பிறவி மேதை' என்று எல்லோரும் கைதட்டும்போது, பேசாமல் நிற்கிற பிள்ளைக்கும் ஒரு பிறவிக் கதை எழுதப்பட்டுவிடுகிறது.

4

அமெரிக்காவில் இதே திருவிழா இன்னும் பெரிய அளவில் நடந்தது. ஹாடி பார்டோவி, அலி பார்டோவி என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய கோட் டாட் ஆர்க் என்ற அமைப்பு, 2013 டிசம்பரில் 'ஹவர் ஆஃப் கோட்' நடத்தியது. கம்ப்யூட்டர் மொழிகளின் முன்னோடிகளில் ஒருவரான கிரேஸ் ஹாப்பரின் பிறந்தநாளை ஒட்டிய வாரம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு மணி நேரம் கோடிங் செய்ய வேண்டும். கோபக்காரப் பறவைகளை வைத்துப் புதிர். மைக்ரோசாஃப்ட், கூகிள், ஃபேஸ்புக், அமேசான் எல்லாம் ஆதரவு. முதல் வாரத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள் என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள்.

அதே 2013-இல் இன்னொரு கணக்கும் வந்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரிக்கு முந்தைய கம்ப்யூட்டர் அறிவியல் தேர்வு ஒன்றை எழுதுவார்கள். அந்த ஆண்டு நாடு முழுக்க எழுதியவர்கள் சுமார் 30,000 பேர். அதில் பெண்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. கறுப்பின மாணவர்கள் சுமார் 3 சதவீதம். 11 மாநிலங்களில் ஒரு கறுப்பினப் பிள்ளைகூட எழுதவில்லை. 3 மாநிலங்களில் ஒரு பெண்கூட எழுதவில்லை. அதில் ஒன்று, கறுப்பின மக்கள் விகிதத்தில் முதலிடத்தில் இருக்கிற மிசிசிப்பி.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் வந்தவர்கள் கோடிக்கு மேல். வருஷம் முழுவதும் உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதுகிற இடத்தில் 11 மாநிலங்களில் பூஜ்யம். திருவிழா நுழைவாயிலை அகலமாக்கியது. உள்ளறைக்கு ஆசிரியர் வேண்டும், கால அட்டவணை வேண்டும், சம்பளம் வேண்டும். அது விழாவால் வருகிற விஷயமில்லை. அந்த அமைப்பு ஆசிரியர் பயிற்சிக்கும் சட்ட மாற்றத்துக்கும் வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த உழைப்புக்குப் பலனும் உண்டு. ஆனால் உலகத்துக்கு ஏற்றுமதியானது ஆசிரியர் பயிற்சி இல்லை. ஒரு மணி நேரம்தான் ஏற்றுமதியானது. அதுதானே மலிவு.

2014 டிசம்பரில் ஒபாமா வெள்ளை மாளிகையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வரி கோட் எழுதினார். பக்கத்தில் இருந்தவர்கள் கறுப்பின, லத்தீன் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுவார்க் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் படத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கறுப்பு நிற அதிபரும் கறுப்பு நிறப் பிள்ளையும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள். நம்ம பிள்ளைக்கு அப்படி ஒரு படம் எப்போது கிடைக்கும் என்று மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் படம் எடுத்து முடிந்தபின் பேருந்து நுவார்க்குக்குத்தான் திரும்பும். அங்கே மறுநாள் காலை அந்தப் பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் என்ன இருந்தது என்பதை அந்தப் படம் சொல்லாது.

2025-இல் அதே அமைப்பு 'ஹவர் ஆஃப் கோட்' என்பதை மாற்றி, செயற்கை நுண்ணறிவுக்கான ஒரு மணி நேரமாக 'ஹவர் ஆஃப் ஏஐ' என்று அறிவித்தது. சந்தை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் திருவிழாவின் சாமியும் திரும்பிவிடுகிறது. பன்னிரண்டு வருஷமாகக் 'கோடிங் கத்துக்கோ, கரையேறலாம்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை கரைக்கு வந்து பார்த்தால் கரையே நகர்ந்திருக்கிறது.

5

பெரிய விழாவின் உண்மையை டப்ளினிலும் வாஷிங்டனிலும் தேடுவதைவிட, பாஸ்டனில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தில் பார்க்கலாம். சம்பந்தப்பட்ட மிச்சல் ரெஸ்னிக்கும் நாட்டலி ரஸ்கும் தாங்களே எழுதி வைத்திருப்பது.

1989 டிசம்பர். பள்ளி விடுமுறை வாரம். பாஸ்டனின் கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை. லெகோ கட்டைகளை வைத்து எந்திரம் செய்து, லோகோ என்ற மொழியில் ஏவல் எழுதி அதை ஓடவைக்கலாம். ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற சில பிள்ளைகள் தற்செயலாக உள்ளே வந்தார்கள். பார்த்தார்கள், தொட்டார்கள், மெய்மறந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். வாரம் முழுக்க வந்தார்கள். வாரம் முடிந்தது. பட்டறையும் முடிந்தது.

அடுத்த வாரம் அருங்காட்சியகத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது: சில பிள்ளைகள் திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறார்கள், கவனம். பார்த்தால் அதே பிள்ளைகள். அவர்கள் எதையும் எடுக்க வரவில்லை. போன வாரம் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர வந்திருந்தார்கள்.

போன வாரம் பங்கேற்பாளர். இந்த வாரம் திருடன். பிள்ளை மாறவில்லை, கட்டடம் மாறவில்லை, ஆசையும் மாறவில்லை. விழா முடிந்திருந்தது, அவ்வளவுதான். ஊர்த் திருவிழாவில் ஒரு நாள் மட்டும் தெருவுக்குள் பறையடிக்க அழைக்கப்பட்டு, மறுநாள் அதே தெருவில் நடந்தால் 'ஏன்டா இங்க வந்த?' என்று கேட்கப்படுகிறவர்களுக்கு இந்தக் கதைக்கு உரை தேவையில்லை.

ரெஸ்னிக்கும் ரஸ்கும் பாதுகாப்பைப் பலப்படுத்தவில்லை. இந்தப் பிள்ளைகள் போவதற்கு இந்த நகரத்தில் வேறு எங்கே இடம் இருக்கிறது என்று தேடினார்கள். இல்லை. எனவே 1993-இல் அதே அருங்காட்சியகத்தில் 'கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்' தொடங்கினார்கள். ஏழை வட்டாரத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வரலாம். காசு இல்லை. போட்டி இல்லை. கூட உட்கார்ந்து வேலை செய்கிற பெரியவர்கள் உண்டு. நாளைக்கும் வரலாம் என்பதுதான் அதன் ஆதார விதி. பிறகு பல நாடுகளில் பரவியது.

இங்கே ஒரு வரலாற்று உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று கோடிங் விழாக்களில் மேசைக்கு மேசை காணப்படும் 'ஸ்கிராட்ச்' என்ற மென்பொருள், வண்ணக் கட்டைகளைக் கோத்து ஏவல் எழுதும் அந்த விளையாட்டு மொழி, 2007-இல் எம்ஐடியில் ரெஸ்னிக்கின் குழுவிலிருந்து வெளிவந்தது. அதை உருவாக்கும்போது அவர்கள் மனதில் வைத்திருந்ததும், கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்ததும் இந்தக் கிளப்ஹவுஸ் பிள்ளைகளிடம்தான். பெயர்கூட, கறுப்பின, லத்தீன் இளைஞர்களின் ஹிப்ஹாப் இசையில் இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புவார்களே, அந்தத் தேய்ப்பிலிருந்து வந்தது. ஆக, இந்தத் திருவிழாக்களின் அடித்தளத்தில் கிடப்பது விளிம்புநிலைப் பிள்ளைகளின் உழைப்பும் ஆசையும் இசையும். இன்று அவர்கள்தான் விழாவுக்கு 'அழைக்கப்பட வேண்டியவர்கள்' பட்டியலில் இருக்கிறார்கள். யார் வீட்டுக்கு யார் யாரை அழைப்பது?

6

லோகோ மொழியின் கர்த்தாக்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். 1928-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த வெள்ளையர். இளமையில் நிறவெறிக்கு எதிராக இயங்கியவர். 1980-இல் அவர் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலைக் கல்வியாளர்கள் வேதம் மாதிரிக் கொண்டாடுகிறார்கள். கம்ப்யூட்டர் பிள்ளையைப் பழக்குவதற்குப் பதில், பிள்ளை கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்நூலின் கடைசிப் பகுதியில் அவர் காட்டும் முன்மாதிரி ஒரு பள்ளிக்கூடமோ பல்கலைக்கழகமோ அல்ல. பிரேசிலின் ரியோ நகரத்துச் சம்பா கூடம்.

சம்பா கூடங்கள் அந்நகரின் ஏழைக் கறுப்பின மக்களிடம் வேர் கொண்டவை. கிழவி, குழந்தை, தேர்ந்த ஆட்டக்காரர், கால் பின்னுகிற புதியவர் எல்லாரும் ஒரே தரையில் ஆடுகிறார்கள். கற்பிப்பது தனியாகவும் ஆடுவது தனியாகவும் நடப்பதில்லை. வருஷம் பூராவும் இது நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை கார்னிவல் வரும், தெருவில் இறங்குவார்கள், உலகம் பார்க்கும். பேப்பர்ட் வியந்தது கார்னிவலைப் பார்த்து அல்ல, கூடத்தைப் பார்த்து.

நமக்கு இது புதிதில்லை. பறை பழகுகிற பையன் மேடையில் பழகுவதில்லை. அப்பன் கூட, மாமன் கூட, தோல் காய்ச்சுகிற நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறான். திருவிழா அன்றைக்கு அது வெளியே தெரிகிறது. அன்றைய கோடிங் விழாக்காரர்கள் பேப்பர்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு கூடத்தை விட்டுவிட்டுக் கார்னிவலை மட்டும் வாங்கி வந்தார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு. வீட்டிலேயே கூடம் வைத்திருக்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் கார்னிவல் மட்டும் போதும். கூடம் இல்லாத பிள்ளைக்கு அது வேடிக்கை பார்க்கிற இடம்தான்.

7

'கோடிங் கத்துக்கிட்டா சாதி போயிடுமா?' என்று தோழர்கள் கேட்கலாம். போகாது. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசே, சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டதாக வழக்குத் தொடர்ந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்குள்ளும் அக்கிரகாரம் விமானமேறிப் போயிருக்கிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடும் கிடையாது. ஆனால் குளத்தில் தண்ணி குடித்தால் சாதி போய்விடும் என்று நம்பியா மகாதுக்குப் போனார்கள்? மனிதர் எல்லாருக்கும் பொதுவானதில் நமக்கும் பங்கு உண்டு என்று நிறுவத்தான் போனார்கள். இதுவும் அந்தக் கணக்குதான்.

தமிழகத்தில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் லட்சக்கணக்கில் எந்திரங்களைக் கொடுத்தது. சேரி வீட்டுக் கூரைக்குக் கீழே லேப்டாப் வந்தது மகத்தான விஷயம். இலவசம் என்று இளித்தவர்களுக்கு அது ஒருநாளும் புரியாது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகள் சொல்லும் பாடம் நமக்கும் உண்டு. எந்திரம் வருவது பாதி. அதில் ஏவல் எழுதச் சொல்லித்தருகிற ஆளும் நேரமும் இடமும் மிச்சப் பாதி.

நம் தோழர்களும் பயிற்சி இயக்கங்களும் இனி இப்படி விழா நடத்தினால், நடத்தட்டும், சில விஷயங்களை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு நடத்தட்டும்.

இடம் எது? குளிரூட்டிய பொறியியல் கல்லூரி அரங்கம் வேண்டாம். 2025-இல் 'சமூக நீதி விடுதி' என்று பெயர் மாற்றப்பட்ட ஆதிதிராவிடர் நல விடுதிகளில் நடக்கட்டும். பெயர் மாறிய கட்டடத்துக்குள் எதாவது மாறட்டும். மற்றவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே வரட்டும். யார் வர மறுக்கிறார்கள் என்பதும் தெரியட்டும்.

எந்திரம் யாருடையது? இரவல் லேப்டாப் எத்தனை கையில் இருக்கிறதோ அத்தனை பிள்ளைகள்தான் அன்றைய விழா. நூறு இருந்தால் நூறு. 'கொண்டு வா' என்ற சொல் அழைப்பில் இருக்கக் கூடாது. வேன் அனுப்பாமல் 'வா' என்ற சொல்லும் இருக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போகிற தாய் கூட வரவேண்டும் என்றும் கேட்கக் கூடாது. பொறுப்பெடுத்துக்கொள்ளும் சரிபார்த்த பெண் தொண்டர்களை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மொழி தமிழ். பிள்ளை வீட்டில் பேசுகிற தமிழ். 'ஆங்கிலத்துல சொல்லு பாக்கலாம்' என்கிற நடுவரை வாசலிலேயே நிறுத்துங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பரிசு வைத்தால் முன்தயாரிப்புச் சலுகைதான் அதை வாங்கிக்கொண்டு போகும்.

யார் எங்கே நிற்கிறார்கள்? சொல்லித்தருகிறவர்களில் நம்ம ஆட்கள் எத்தனை பேர், நாற்காலி தூக்கி, சோறு பரிமாறி, கக்கூஸ் கழுவுகிறவர்களில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். துப்புரவுத் தொழிலாளியின் மகள் முன்னால் அவள் அம்மாவைப் பெருக்கவைத்துவிட்டு அவளிடம் சமத்துவக் கோடிங் பேசாதீர்கள். அன்றைக்கு அமைப்பாளர்கள் பெருக்கட்டும். பிள்ளைகள் பார்க்கட்டும்.

கடைசியாக, இதுதான் முக்கியம்: அடுத்த சனிக்கிழமை. விழா அறிவிப்பதற்கு முன்பே அதே விடுதியில், அதே எந்திரங்களோடு, குறைந்தது ஓராண்டுக்கு வாராவாரம் திறக்கும் அறையை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சாவி ஒரு பிள்ளையிடம் இருக்க வேண்டும். அறைக்குக் காசு இல்லை, விழாவுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், விழாவை விட்டுவிட்டு அறையைத் திறங்கள். நன்கொடையாளர் கோபித்துக்கொள்வார், பத்திரிகையில் படம் வராது. போகட்டும்.

விழா நடத்திய பிறகு அறிக்கை எழுதுவீர்கள். அதில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் வந்தார்கள் என்பதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. மறுவாரம் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், வாசலில் அவர்களை யாராவது தடுத்தார்களா? இந்த மூன்றையும் எழுதுங்கள். நாங்கள் அதைத்தான் வாசிப்போம்.